கணையத்துக்கு ஒரு காவல்

அண்ணனுக்குப் பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. பையைத் துழாவுகிற விதத்திலேயே ஆள் டிக்கெட் எடுத்தவரா இல்லையா என்று சொல்லிவிடுவான். வீட்டுக்கு வந்தால் சீருடையைக் கழற்றி மாட்டுவானே தவிர, வேலையைக் கழற்ற மாட்டான். அங்கே அவனிடம் சிக்கிய ஒரே பயணி என் அண்ணி.

அண்ணிக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை. கணையம் அப்போதே இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. ஊசியில்தான் காலம் ஓடுகிறது. சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். இவளுக்கு அந்த முன்னறிவிப்பெல்லாம் எப்போதோ நின்றுபோனது. நேராக மயக்கம்தான். சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டிய சென்சார் அண்ணன் போனில் கத்தும். சில நாள் அது கத்துவதற்குள் அவள் விழுந்திருப்பாள். அதனால் அவன் சென்சாரையும் நம்புவதில்லை. அவள் சாப்பிட்ட பிஸ்கட்டுக்கு விசாரணை, சாப்பிடாத பிஸ்கட்டுக்கும் விசாரணை. குளியலறைக் கதவை உட்புறம் தாழிட்டாள் என்று தாழ்ப்பாளையே கழற்றிவிட்டான். அக்கறை என்று பெயர் வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் கழற்றலாம் போலிருக்கிறது.

அண்ணி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுகிறவள். ஒருநாள் வெட்டும் மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். கண்ணாடி நொறுங்கியது, நல்லவேளை முகம் தப்பியது. மயக்கம் நின்ற பிறகு வா என்று முதலாளி அனுப்பிவிட்டார். அதன்பிறகு சாப்பாட்டு மேசையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

கணைய மாற்று அறுவை பற்றி யோசிக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணன் ஒரேயடியாக மறுத்தான். தான் இருக்கும்போது இன்னொரு கணையம் எதற்கு என்று கேட்டான்.

அண்ணி விடவில்லை. மூவரும் அறுவை நிபுணரைப் பார்க்கப் போனோம். அந்தம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. பழைய கணையம் இருந்த இடத்திலேயே இருக்கும், இறந்த ஒருவருடையதை அடிவயிற்றில் வைப்பார்கள். பெரிய அறுவை. உடம்பு அதை விரட்டாமலிருக்க வேளை தவறாமல் மாத்திரை, அந்தக் கணையம் இருக்கும்வரை. தொற்று சுலபமாக வரும். எல்லாம் செய்தும் நிலைக்காமல் போகலாம். நிலைத்துவிட்டால் ஊசிக்கும் மயக்கத்துக்கும் முழுக்கு.

கேட்கக் கேட்க அண்ணன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மாத்திரை எத்தனை மணிக்கு, காய்ச்சலை எப்படிக் கவனிப்பது, வீட்டுக்குள் யாரை விடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனான். புது வேலைக்கு உத்தரவு வாங்கியவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "தாராளமா பண்ணிடலாம் டாக்டர்," என்றான்.

அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். "பண்ணிக்கறேன். ஆனா மாத்திரைய நானேதான் எடுத்துப் போட்டுக்குவேன். தாழ்ப்பாள திரும்ப மாட்டிடுங்க."

நிமிர்ந்திருந்த அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். பிறகு கேட்டான். "அப்ப நான் என்ன பண்றது?"

அவள் விழுந்தபோதெல்லாம் தூக்கியவன் அவன்தான். ராத்திரியெல்லாம் விழித்திருந்து அவன் கண் இமைகள் வீங்கியிருந்தன.

"தூங்குங்க," என்றாள் அண்ணி.

அந்தம்மாவிடம் மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம். பாதி வழியில் ஒரு பரிசோதகர் ஏறினார். அண்ணன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் டிக்கெட்டையும் அண்ணிதான் காட்டினாள்.