நனைந்த பிளக்

நான் இரத்தோட்டையில் கணிதம் படிப்பித்த காலம். யாழ்ப்பாணத்தில் தாய்க்கு நோய் கடுமை என்று மனைவிக்குத் தந்தி வந்தது. மாத்தளையில் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க அவளைப் பழைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். பெற்றோலை மிச்சம் பிடிக்க, இறக்கங்களில் ஆக்சிலேட்டரை மூடியே ஓட்டுவது என் பழக்கம். பாதி வழியில் எஞ்சின் திக்கித் திக்கி நின்றது.

“பிளக்கைக் கழட்டிப் பாருங்கோவன். அண்ணை முதல்லை அதைத்தான் பாக்கிறவர்,” என்றாள்.

“உன்ரை அண்ணர் பாக்கிறது டிராக்டர். இது இங்கிலாந்து எஞ்சின். நீ பேசாமல் இரு.”

காபரேட்டரை முழுதாகப் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். ஒரு மணி நேரம் போயிற்று, எஞ்சின் பிடிக்கவில்லை. அவள் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குப் போன நேரம் பிளக்கைக் கழற்றினேன். அதன் முனை எண்ணெயில் நனைந்து கரியாக இருந்தது. நான் மூடி ஓட்டியதில் தேய்ந்த எஞ்சினின் எண்ணெய் மேலேறியிருக்கிறது. துடைத்துப் பூட்டியதும் முதல் உதையிலேயே பிடித்தது.

“காபரேட்டரிலைதான் ஊத்தை,” என்றேன், அவள் வந்ததும். நம்பினாள்.

பஸ் போய்விட்டிருந்தது. மறுநாள் அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் தாயைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

“பாவம், இவர் றோட்டிலை இருந்து எவ்வளவு பாடுபட்டவர்,” என்று பிறகும் எல்லோரிடமும் சொல்வாள். நான் திருத்தியதில்லை. அவள் இறந்து ஒன்பது வருடமாகிறது. ஒரு தடவை வந்து, “நான் அப்பவே சொன்னனான்தானே” என்று என்னை ஏச மாட்டாளா என்று ஏங்குகிறேன்.