நூற்றிருபது நாள் இரத்தம்

சீனி அளவு பார்க்க வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் நாள் நெருங்கினால் எங்கள் வாவிக்கரைத் தெருவில் பாவற்காய்க்குக் கிராக்கி வந்துவிடும். மூன்று நாள் முன்பிருந்தே சீனி இல்லை, புட்டு இல்லை, இரவில் கீரையும் மீனும் மட்டும். இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் வாசல் கடையில் சீனி போட்ட பால்தேத்தண்ணியும் எண்ணெயில் பொரித்த இனிப்பு வாய்ப்பனும். நானும் இதில் விலக்கல்ல.

ஒவ்வொரு தடவையும் வந்த சீனி அளவைக் கொப்பியில் எழுதினேன்: 96, 98, 95. நூறைத் தொட்டதே இல்லை. கொப்பியின் அந்தப் பக்கம் எனக்குப் பெரிய ஆறுதல். சித்தாண்டியில் இருக்கும் என் அக்காவுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு தெரியவந்தது. பிறகு ஒரு புண் ஆறாமல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கடந்த மாசியில் எனக்கு நாற்பத்தெட்டு முடிந்தது.

அந்த மாதம் கிளினிக்கில் புதிதாக ஒரு பெண் டொக்டர். கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"வடிவா எழுதி வச்சிருக்கீங்க. அக்காவுக்கு இருக்கிறபடியா நாம வேறொரு டெஸ்டும் செய்து பாப்பம்."

"அதுக்கு எத்தின நாள் பத்தியம் இருக்கணும் டொக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மூணு மாசம்."

பக்கத்திலிருந்த தாதி மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் முகம் சூடாகிவிட்டது.

முடிவு 6.2 என்று வந்தது. 5.7இற்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5 வந்தால் நீரிழிவு, நான் நடுவில் நிற்கிறேன், இங்கிருந்து திரும்பி வரலாம் என்றார் டொக்டர். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ நூற்றிருபது நாள் உயிரோடு இருக்குமாம். இரத்தத்தில் சீனி கூடக்கூட அந்த அணுவில் அதுவும் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு சாகும்வரை அனேகமாகக் கழலாது. அதை அளந்து கடந்த மூன்று மாதக் கணக்கைச் சொல்வதுதான் இந்த டெஸ்டாம்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். வேலைசெய்யும் கந்தோரில் தினமும் நாலு மணிக்குச் சாப்பிட்ட இனிப்புப் பணிசை நான் எங்கும் எழுதவில்லை. கலியாணவீட்டு மஸ்கட் அல்வாவையும் எழுதவில்லை. அதையெல்லாம் மறைக்கவும் தெரியாமல், சலிக்காமல், எனக்குள்ளே ஒன்று கணக்கில் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அன்று பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். பாவற்காய்க் கதையைச் சொன்னதும் சிரித்தாள்.

"நானும் அதத்தானே புள்ள செய்தன். மிஸ்ஸிய ஏமாத்திப்போட்டன். என்ட கால ஏமாத்த ஏலாமப் போயித்து."

நான் கொப்பியைத் திறந்து 96, 98 என்று அவளுக்கு வாசித்தேன்.

"நீ கொப்பியப் பாத்துக்கொண்டிராத புள்ள. எழும்பி நட" என்றாள்.

விரல் நுனியில் குத்திச் சீனி பார்க்கும் மெசின் ஒன்றைக் கணவர் வாங்கி வந்தார். ஒருநாள் மதியம் ஒரு கோப்பை சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் கதிரையில் சாய்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து 168. மறுநாள் அதே சோறு, அதே கோப்பை, அதே குழம்பு. சாப்பிட்டதும் வாவிக்கரை வீதியில் இருபது நிமிடம் நடந்தேன். அதே ஒரு மணி நேரத்தில் 131. நம்பாமல் கையைக் கழுவிவிட்டு மறுபடி குத்தினேன். 133. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்கின்றன என்று டொக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும் நாற்பத்தெட்டு வருடமாக நான் சும்மா சுமந்து திரிந்த கால்களை அன்று குனிந்து பார்த்தேன்.

"கால்ல என்ன முள்ளா?" என்று கேட்டார் கணவர்.

பணிசை நிறுத்தினேன். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும் பயறும் வைத்தேன். மழை நாளில் வீட்டு விறாந்தையில் நடந்தேன். மொத்தத்தில் பதினொரு நாள் நடக்கவில்லை. காய்ச்சலில் ஆறு, சோம்பலில் ஐந்து.

இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லையாம்; நான்கு மாதம் கழித்துக் காலையில் புட்டுச் சாப்பிட்டுவிட்டே போய் மறுபடி இரத்தம் கொடுத்தேன். மாசியில் என்னைக் காட்டிக்கொடுத்த அணுக்கள் அனேகமாக எல்லாமே அதற்குள் செத்திருக்கும். அந்த இடத்தில் ஓடியது வேறு இரத்தம். நான் தூங்கும்போதும் என் எலும்புக்குள் உண்டான இரத்தம்.

முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரி மதிலோரம் நின்று அக்காவை அழைத்தேன்.

"எவ்வளவு?"

"ஐந்து தசம் எட்டு. முந்தி ஆறு தசம் ரெண்டு. இன்னும் கொஞ்சம் இறங்கணுமாம்."

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அக்கா அதைத் தன் வாயால் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.