முதலாளி அறைக்குப் போன முதல் இணைப்பு

செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். திருவேட்டக்குடிப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். வெளியிலிருந்து வரும் ஒரே போன் லைனை எட்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்க அங்கு வாங்கிய எட்டு இணைப்பு இன்டர்காம் பெட்டியை, கூட வந்த புத்தகத்தைப் படித்து நானே புரோகிராம் செய்தேன். பெருமை தாங்கவில்லை. மரியாதைக்காக முதல் இணைப்பை முதலாளி அறைக்குக் கொடுத்தேன்.

ஒரு மழை நாளில் கரண்ட் போனது. அந்த நேரம் பார்த்து, ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயுக் குழாய் கசிந்தது. கண் எரிய ஓடிப்போய் என் மேஜை போனை எடுத்தால், சத்தமே இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் முதல் இணைப்பு மட்டுமே வேலை செய்யும் என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதலாளியோ அறையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்.

“அண்ணே, பூட்டை ஒடைங்க!” என்று வாட்ச்மேனிடம் கத்தினேன்.

“அது மொதலாளி ரூமாச்சேம்மா!”

“நான் சொல்லிக்கிறேன், ஒடைங்கண்ணே!”

உடைத்தார். அந்தப் போன் வேலை செய்தது. தீயணைப்பு வண்டி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் முதலாளி எதிரிலேயே முதல் இணைப்பை வாட்ச்மேனுக்கு மாற்றினேன். “அப்ப எனக்கு ரெண்டாவதாம்மா?” என்றார்.

“ஆமாங்க சார். நீங்க பூட்டிட்டுப் போயிடுவீங்க, அண்ணன் இங்கயேதான் இருப்பாரு.”

அதன்பின் காரைக்காலில் எத்தனையோ அலுவலகங்களுக்கு இன்டர்காம் அமைத்துக் கொடுத்துவிட்டேன். எங்கேயும் முதல் இணைப்பு வாட்ச்மேனுக்குத்தான்.