கப்பல் வழி மாமா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு விடுதிக் கேட்டருகே நின்றிருந்தேன். அந்தோணி மாமா வரவில்லை. அவரோடு ஃபெரிப் படகில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். "தம்பி, இனிமே நிக்காதீங்க. அண்ணன் வியாழக்கிழமை தவறிட்டாரு. காய்ச்சல்தான், மூணே நாளு. வெள்ளிக்கிழமை அக்கரையில பாகான் டாலாம்லயே அடக்கம் பண்ணிட்டோம்," என்றார். அவருடைய சொந்த மருமகன் சேவியரை வியாழனன்றே, எதற்கென்று சொல்லாமல், விடுதியிலிருந்து அழைத்துப்போயிருந்தார்கள்; எனக்குச் சொல்லியனுப்ப அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு நான் அவருக்கு என்ன உறவு?

ஓர் உறவும் இல்லை; அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை நான் எழுதியதெல்லாம் வார்டன் ஐயாவைக் கிண்டல் செய்துதான். இது அப்படியல்ல; ஐயா தாராளமாகப் படிக்கலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஓராண்டு இங்கிலீஷ் படிக்க அனுப்பப்பட்டவன் நான். பெயர்தான் விடுதி, யாரையும் விடுவதில்லை. ஞாயிறன்று வெளியே போக வேண்டுமானால் இந்த ஊரில் இருக்கும் ஓர் உறவினர் வந்து, உறவைச் சொல்லி, புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். பினாங்கில் எனக்கு ஒரு காக்கைகூட உறவில்லை. ஒன்பது ஞாயிறு மாடி ஜன்னலில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு கப்பலும் என்னை விட்டுவிட்டுப் போவதாகவே பட்டது. என் அறைத்தோழன் சேவியரை நான் 'செவியர்' என்பேன். அவ்வளவு புலம்பலையும் கேட்டவன் அவன்தான்.

பத்தாம் ஞாயிறு சேவியரை அழைத்துப்போக அவனுடைய தாய்மாமன் அந்தோணி வந்தார். ஃபெரியில் டிக்கெட் பார்ப்பவர். அவரை அதுவரை நான் கண்டதே இல்லை. ஓடிப்போய், "மாமா, என்னை மறந்துட்டீங்களா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் நெற்றியில் மூன்று பட்டை திருநீறு. அவர் கழுத்தில் மாதா படம் போட்ட பதக்கம். வார்டன் ஐயா இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, இவன் எந்த வழியில் உங்களுக்கு மருமகன் என்று கேட்டார்.

சேவியர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"கப்பல் வழி, ஐயா," என்றார் மாமா. கையெழுத்திட்டார்.

தெருவுக்கு வந்ததும், எதற்குப் பொய் சொன்னாய் என்றார். வெளியே வர என்றேன். "வந்துட்ட. ஆறு மணிக்குத் திரும்பிரணும். அது என் கையெழுத்து," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாயிறுதோறும் வந்தார்.

அவரைச் சிரிக்க வைக்க நான் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும். 'விடாத விடுதி' என்பதை அவரிடமும் சொன்னேன். "அப்ப பேரை மாத்தச் சொல்லி ஐயாகிட்ட எழுதிக்குடு தம்பி," என்றார், முகத்தில் ஒரு கோடு அசையாமல். என் நகைச்சுவை எல்லாம் அவரிடம் போய் மனுவாகிவிடும்.

மாமா வீட்டில் அவர் மனைவி லூர்து அத்தை எனக்கென்று புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தார். "புள்ள சைவம், நம்ம சட்டில ஆக்கக்கூடாது," என்று சொன்னவர் மாமாதானாம். மூன்றாம் வாரம் நானே மீன் குழம்புக்கு மாறிவிட்டேன். இந்தப் பத்திரிகை நாகப்பட்டினம் போகாது என்று நம்புகிறேன்.

ஆனி மாதம் கடிதம் வந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நீ படிப்பைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று அப்பா எழுதியிருந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அன்று முதல் சோறு இறங்கவில்லை. திரும்பிப் போவதற்கான டிக்கெட் என் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. அடுத்த ஞாயிறு நாகப்பட்டினத்துக்குக் கப்பல். மாமா கையெழுத்திட்டு வெளியே அழைத்துவந்ததும், பசார் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே துறைமுகத்துக்கு ஓடினேன்.

கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகுக்காக வரிசையில் நின்றபோது பின்னால் அவர் குரல் கேட்டது. அவர் எனக்காக நின்ற ஃபெரித்துறை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அவசரத்தில் அதை மறந்திருந்தேன்.

அவர் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. கையை நீட்டினார். டிக்கெட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் படித்தார், விரலால் தேதியைத் தடவினார்.

"டிக்கெட் சரியா இருக்கு. ஏறலாம்," என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் அழுதுகொண்டே, அக்காவுக்குக் கல்யாணம் மாமா என்றேன்.

"போகணும்தான். யாரு வேணாங்கிறா? ஆறு மணிக்கு நான் கேட்டுல நிப்பேன். அங்க நான் என்ன சொல்லணும்? அதை மட்டும் சொல்லிட்டு ஏறு."

படகு வந்தது. முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள். நான் டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன். படகு போய்விட்டது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. அடுத்த படகும் போனது.

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் கேட்டுக்கு வந்தோம். நான் திரும்பிவிட்டதாகக் கையெழுத்திட்டார். ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வர்ற வாரம் அத்தைய நண்டு வாங்கச் சொல்லவா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

அக்கா கழுத்தில் தாலி ஏறிய முகூர்த்தத்தில் நான் கணக்கு வகுப்பில் இருந்தேன். அதற்காக மாமாவை இரண்டு வாரம் வெறுத்தேன். அவர் அந்த இரண்டு வாரமும் வந்தார். ஃபெரியில் போகும்போது என்னருகே உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

என் ஆண்டு முடிய இன்னும் நான்கு மாதம். கையெழுத்திட ஆளில்லாததால் ஞாயிறன்று மறுபடி மாடி ஜன்னல்தான். இன்றும் ஒரு கப்பல் நிற்கிறது. கேட்டில் எனக்காக நின்று பதில் சொல்ல வேண்டியவர் இப்போது யாருமில்லை; ஏறிக் குதிக்கப் பின்சுவரும் அவ்வளவு உயரமில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது துறைமுகத்தில் அவர் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான். எதைக் கேட்டாலும் வாய்நிறையப் பதில் வைத்திருக்கிறவன் என்று என்னைத் திட்டாதவர் இந்த விடுதியில் இல்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை இங்கேதான் இருக்கிறேன்.