அடுத்த ஞாயிற்றுக்கு ஒரு புள்ளடி

என் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில், ஒரு பென்சில் துண்டு கிடக்கிறது. இப்போது சுண்டுவிரல் அளவுகூட இல்லை. வாலில் ஒரு சாண் வெள்ளை நூல், நுனி பிய்ந்து தொங்குகிறது. அத்தான் ஒற்றைச் சூட்கேசோடு இங்கிலாந்திலிருந்து பஸ்ஸில் வந்து, பிரான்சில், லா சப்பலில் ஐந்தாம் மாடியில் இருக்கும் என் வீட்டுக் கதவைத் தட்டிய அன்று, கோட்டுப் பையிலிருந்து முதலில் எடுத்து மேசையில் வைத்தது இதைத்தான். அப்போது அது நடுவிரல் நீளம் இருந்தது. "கவனமா வை பிள்ளை. இரண்டாம் சுற்றுக்குத் தேவைப்படும்" என்றார். அவர் சொன்ன தேர்தல் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாட்டில் இரண்டாம் சுற்று என்று ஒன்று இல்லை என்பதும் அதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். முன்பு அவர்களும் இதே லா சப்பலில்தான் இருந்தார்கள். அவர் மரக்கறிக் கடையில் வேலைக்கு நின்றார். நான் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலையில் சேர்ந்திருந்தேன், இன்றும் அங்கேதான். பிரெஞ்சுக் குடியுரிமை அக்காவுக்கும் அத்தானுக்கும் எனக்கும் ஒரே வருடம் கிடைத்தது. முதல் வாக்கைப் போட, நான் தினமும் துடைக்கிற அதே சாப்பாட்டு மண்டபத்துக்குக் குடும்பமாகப் போனோம். தேர்தல் ஞாயிறுகளில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேதான் பெட்டி வைப்பார்கள். ஊரில், யாழ்ப்பாணத்தில், வாக்குச் சீட்டில் போடும் பெருக்கல் குறிக்கு நாங்கள் புள்ளடி என்போம். பறவை கால் பதித்த தடம். பிரான்சில் புள்ளடி கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு. வேண்டியதை உறைக்குள் வைத்துப் பெட்டியில் போடவேண்டும். சீட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அது செல்லாது. அத்தானுக்கு இது தெரியாது. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பிள்ளை, இஞ்சை பேனையும் இல்லை, பென்சிலும் இல்லை! புள்ளடியை எங்கை போடுறது?" என்று அவர் கத்தியதில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போய்விட்டது. வெளியே இழுத்துவந்து விளக்கினேன்.

ஆருக்குப் போடுவது என்பதிலும் அவருக்குக் குழப்பம் இருந்தது. அவருக்குப் பிடித்தவர் ஒரு சின்னக் கட்சிக்காரர், வெல்லமாட்டார். இங்கே யாருக்கும் பாதிக்கு மேல் விழாவிட்டால், முன்னால் வந்தவர்களுக்குள் இன்னொரு ஞாயிறு இரண்டாம் சுற்று வைப்பார்கள். பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண் வெள்ளிக்கிழமை சொன்னதை, வரிசையில் நின்றபடி நான் அப்படியே தமிழாக்கினேன். "முதல் சுற்றிலை மனசுக்குப் போடுங்கோ, அத்தான். இரண்டாம் சுற்றிலை மூளைக்குப் போடலாம்." அந்த வசனம் அவருக்குத் தேன் மாதிரி இனித்துவிட்டது. சீட்டு விழுந்ததும் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் "அ வொத்தே!" என்று கூவினார், வாக்களித்தாயிற்று என்று அர்த்தம். அத்தான் வீடு வரும்வரை அதையும் என் வசனத்தையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு எந்தத் தேர்தல் வந்தாலும் கடையில் நிற்பவர்களுக்கெல்லாம் தன்னுடைய சொந்தச் சரக்குப்போல அதை எடுத்துவிடுவார். நானும் பேசாமல் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு இங்கிலாந்துக்குப் போன குடும்பங்கள் இங்கே கொஞ்சமல்ல. அக்காவும் அத்தானும் போனார்கள். பக்கத்துப் புறநகர்களான திரான்சியிலிருந்தும் ஓல்னேயிலிருந்தும் போனவர்கள் அதே ஊரில் சேர்ந்துகொண்டார்கள். அங்கே எல்லோரும் அவர்களைப் 'பிரான்சுக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வருடக்கணக்கில் இருந்தும் அந்த நாட்டுத் தேர்தலை அவர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. நமக்கு இலை போடாத பந்தியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த பிறகு அத்தானுக்கும் அவர் கூட்டத்துக்கும் வந்த முதல் பொதுத் தேர்தல் அதுதான். அதே நேரத்தில்தான் என் தம்பி அக்கா வீட்டில் இருந்தான். அகதி மனு இரண்டு தரம் தள்ளுபடியாகி, வாரா வாரம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தான். கொழும்புக்குத் திருப்பி அனுப்பக் கடுதாசி தயார். அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தத் தொகுதி எம்.பி. அம்மா அமைச்சுக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதங்கள்தான். அவர் சிவப்புக் கட்சி. அவருக்குப் பதில் வரும்வரை தம்பியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தின் மூச்சு அந்தப் பெண்ணின் கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தேர்தலுக்கு முந்திய வாரம் சிவப்புக் கட்சியின் நோட்டீஸ் ஒன்று கதவு வழியாக வந்து விழுந்ததாம். அதில் யாருக்கு எவ்வளவு வாக்கு என்று காட்ட வரைந்த மூன்று கட்டைகள்: சிவப்பும் நீலமும் உயரமாக, மூன்றாவது கட்டை முழங்காலளவுக்கு. 'இங்கே போட்டி இரண்டு பேருக்குத்தான், மற்றவருக்குப் போடுவது வீண்' என்று எழுதியிருந்தது. உண்மை முழுவதும் அந்த ஒரு தாளில் இருந்தது. அத்தான் எனக்குப் போன் போட்டுச் சிரித்தார். "இவங்களுக்கு விசர் பிள்ளை. இரண்டாம் சுற்றுக்கு அடிச்ச நோட்டீசை இப்பவே தந்திட்டாங்கள்!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

வியாழக்கிழமை காலை மறுபடி அழைத்தார். வியாழனில் ஆராவது தேர்தல் வைப்பினமோ என்று நான் கேட்டதற்கு, "முதல் சுற்று வியாழன், இரண்டாம் சுற்று ஞாயிறு எண்டாக்கும்" என்றார். "எங்கடை பிரான்சுக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இண்டைக்கு மனசுக்கு, ஞாயிறு எம்.பி. அம்மாவுக்கு. சரிதானே பிள்ளை?" சின்னக் கட்சிப் பொடியன் ஒருவன் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, எங்கள் ஊரைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போயிருந்தான், அத்தானின் மனசு அவனிடம் போய்விட்டது. நான் பிள்ளைகளுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கியபடி, "ஓம் ஓம், சரிதான்" என்றேன். இரண்டு ஓம். அதை நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

அன்று அவருக்குப் புள்ளடி போடக் கிடைத்தது. பலகையில் நூலால் கட்டிய பென்சில். இத்தனை வருடத்துக்குப் பிறகு புள்ளடி! ஆசையில் அழுத்திப் போட்டதில் நூல் அறுந்து பென்சில் கையோடு வந்துவிட்டது. வெளியே யாரும் "அ வொத்தே" என்று கூவவில்லை என்பதுதான் அவருக்குக் குறை.

வெள்ளி விடிந்தபோது மூன்று தரம் எண்ணி முடித்திருந்தார்கள். எம்.பி. அம்மா பதினொரு வாக்கில் தோற்றுப்போனார். நீலக் கட்சிக்காரர் வந்தார். அத்தானின் பேச்சைக் கேட்டு மனசுக்குப் போட்டவர்கள், அவரையும் அக்காவையும் சேர்த்து, பதினாறு பேர். ஆனால் அத்தான் அன்று கலங்கவில்லை. "பதினொண்டுதானே, ஞாயிறு பாப்பம்" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார். ஞாயிறு காலை குளித்து, கோட்டுப் போட்டு, பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு நடந்து போனார். அது ஒரு தேவாலய மண்டபம். உள்ளே ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று கேட்டாராம், பெட்டி எங்கே என்று. அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகுதான் நான் போனில் தேடித் தேடி வாசித்தேன். கண் கெட்ட பிறகு எதற்கு வாசிப்பு, இருந்தாலும் வாசித்தேன். அங்கே ஒரு தொகுதியில் முதலாவதாக வருபவருக்குத்தான் எம்.பி. கதிரை. பாதிப் பேர்கூட அவரை விரும்பியிருக்க வேண்டியதில்லை. மற்றவர்களை விட ஒன்று கூடினால் போதும். மற்றவர்களுக்கு விழுந்தது எல்லாம் எண்ணி முடித்ததும் மூட்டை கட்டப்படும். அதனால்தான் அங்கே இரண்டு பெரிய கட்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காதவர்களையும் ஒரே கூரைக்குள் வைத்துக் காலம் தள்ளுகின்றன. பிரிந்து தனிவீடு போனால் இரண்டு வீடும் இருண்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாக்கு வாங்கும் சின்னக் கட்சி, எங்கேயும் முதலாவதாக வராமல் வெறுங்கையோடு நிற்கும். இங்கே பிரான்சில் கட்சிகள் முதல் ஞாயிறு அடித்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்குள் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அங்கே அந்தச் சமாதானத்தை ஒவ்வொரு ஆளும், பென்சிலை எடுக்கும் முன்பே, தன் தலைக்குள் தனியாகச் செய்து முடிக்கவேண்டும். மனசும் மூளையும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளடி. இதை ஒரு வாரம் முந்தி வாசித்திருக்கக் கூடாதா நான்?

தோற்ற எம்.பி. அம்மாவின் கடிதங்கள் அவரோடு போய்விட்டன. புது எம்.பி. மரியாதையான பதில் ஒன்று அனுப்பினார். அதில் ஒன்றுமே இல்லை. அடுத்த மாதம் கையெழுத்து வைக்கப் போன தம்பி திரும்பி வரவில்லை. கொழும்பு விமான நிலையத்திலிருந்து ஒரு தரம் அக்காவுக்கு எடுத்தான். "வந்திட்டன். வெளியிலை ரண்டு பேர் நிக்கினம்" என்றான். அவ்வளவுதான். அந்த இலக்கம் இன்றும் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அக்கா அத்தானிடம் கடைசியாகச் சொன்னது, "உங்கடை மனசு எங்களுக்கு வேண்டாம்" என்பதுதான். அதன் பிறகுதான் அவர் பஸ் ஏறினார்.

என் வீட்டில் அவர் இருந்தது இரண்டு வருடம். ஞாயிறு காலைகளில் மட்டும் அந்தக் கோட்டைப் போடுவார். தேர்தல் இல்லாத வெறும் ஞாயிறு. இறங்கி, வாழைக்குலைகளும் பெட்டிகளும் அடுக்கிய கடைகளைத் தாண்டி, மேலே மெத்ரோ ரயில் இரைந்துகொண்டு போகும் பாலத்தைக் கடந்து, என் பள்ளிக்கூடத்தின் பூட்டிய படலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பார். வரிசையில் நிற்பதுபோலவே நிற்பார். முன்னால் ஒரு ஆள் இருக்கும் இடைவெளி விட்டு. அவ்வப்போது ஒரு அடி நகர்ந்து. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். "அத்தான், ஆருக்குப் பின்னாலை நிக்கிறியள்?" என்று கேட்டேன். "சத்தம் போடாதை பிள்ளை. எங்கடை பதினாறு பேரும் வரவேணுமெல்லே" என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலை சாப்பாட்டு மண்டபத்தைத் திறந்தபோது, கதவு நிலையின் உட்புறத்தில் ஒரு பென்சில் கீறலைப் பார்த்தேன். சின்னப் புள்ளடி. பிள்ளைகள் வேலை என்று ஈரத் துணியால் துடைத்தேன். அடுத்த திங்களும் இருந்தது. வெள்ளி மாலை பூட்டுவது நான், திங்கள் காலை திறப்பதும் நான். வீட்டுக்கு வந்து, "அத்தான், நேற்று உள்ளுக்கை போனியளோ?" என்றேன். "பூட்டிக் கிடந்தது பிள்ளை." "அப்ப நிலையிலை ஆர் புள்ளடி போட்டது?" அவர் திடுக்கிடவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, "ஆருக்குப் போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பென்சில் கரண்டிகளுக்கு அடியில்தான் இருந்தது. கொஞ்சம் குறைந்திருந்தது. வீட்டில் பென்சில் சீவும் கட்டரே இல்லை.

போன பனிக்காலத்தில், அப்படி ஒரு ஞாயிறு நின்றுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. அக்கா செத்தவீட்டுக்கு வந்தாள். அழவில்லை, மறுநாளே ரயில் ஏறிப் போய்விட்டாள். அதோடு கதவு நிலையில் புள்ளடிகளும் நின்றுபோயின. நான் நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். திங்கட்கிழமைகளில் கதவைத் திறந்து முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். வெறுமையாக இருந்தது இன்னும் பயமாக இருந்தது.

இந்த வருடம் இங்கே தேர்தல் வந்தது. முதல் சுற்றுக்கு நான் போகவில்லை. இரண்டாம் சுற்று ஞாயிறு, ஏனென்று தெரியாமல் பென்சிலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். திரையை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தால், எதிரே வாக்கு மறைப்பின் தகரத்தில், கண் உயரத்தில், புத்தம் புதுப் புள்ளடி ஒன்று. அதன் கீழே இன்னொன்று. எண்ணினேன், பதினாறு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பென்சிலை எடுத்தேன். செல்லாது என்று தெரிந்தே, அச்சடித்த பெயரின் மேல் அழுத்தி ஒரு புள்ளடி போட்டேன். என் தம்பிக்கு. உறையைப் பெட்டியில் போட்டதும் வாக்குச்சாவடித் தலைவர் என் பெயரைச் சொல்லி, "அ வொத்தே!" என்று கூவினார். திரும்பி நடந்தபோது அதே சொல் இன்னொரு முறை கேட்டது, மெதுவாக, எனக்குப் பழகிய யாழ்ப்பாண உச்சரிப்பில். அது எதிரொலிக்கும் மண்டபம், எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவை அழைத்தேன். இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, அந்த மனசு, மூளை வசனம் அத்தான்ரை இல்லை. அது நான் சொன்னது. அண்டைக்குக் காலமையும் என்னட்டைக் கேட்டவர். நான்தான் ஓம் எண்டனான்." போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"தெரியுமடி" என்றாள். "நீ அதைச் சொல்லேக்கை வரிசையிலை உனக்குப் பின்னாலை நான்தான் நிண்டனான்."

பென்சிலைக் கரண்டிகளுக்கு அடியில் வைத்து இழுப்பறையைத் தள்ளினேன். அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அந்தப் பென்சில் இருக்கோ?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"கவனமா வை" என்றாள் அக்கா. "அந்தப் பதினாறிலை நானும் ஒராள். நானும் வரவேணும்."