இரண்டு பக்கமும் காஜா

செங்கொடிக்குத் தையல் தெரியாது என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். தனக்குத் தெரியாததே இல்லை என்று அவளே சொல்லிக்கொள்ளும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாசர்பாடிக்காரி. கல்மண்டபத்தில் தேவப்பிரியம் அண்ணாச்சியின் பழந்துணிக் கடை வாசலில் அவள் மெஷின். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுக்கிறவள் நான், ரஹீமுன்னிசா. பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது.

2003-ல் அண்ணாச்சி ஒரு மூட்டை கோட்டு எடுத்தார். ஏதோ ஒரு நாட்டுக் கடற்படைக்காரர்கள் எப்போதோ போட்டுக் கழித்தவை. கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத கம்பளி. தூக்கினால் ஈரச் சாக்கு கனம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இறால் கம்பெனி ஒன்று, குளிர் அறையில் பெட்டி அடுக்கும் ஆட்களுக்கென்று பதினெட்டு கேட்டிருந்தது. கிழிந்த இடங்களைத் தைத்துத் தரவேண்டியது எங்கள் வேலை.

செங்கொடி முதல் கோட்டை மெஷின்மேல் விரித்தாள்.

"பாக்கெட்டப் பாரு முன்னி, நிமித்தி வெட்டிகீறான். வெறச்சுப்போன கை நேரா உள்ள பூந்துடும். உள்ளாற எப்டி மெத்துமெத்துனு கீது பாரு."

காலரைத் தூக்கிவிட்டால் காது மூடியது. அதன் அடியில் ஒளிந்திருந்த சின்னப் பட்டியை இழுத்து எதிர்ப்பக்கம் மாட்டினால் தொண்டையும் மூடியது. நீளம் இடுப்புக்குக் கீழே ஒரு சாண்தான். கப்பலில் ஏணி ஏறுகிறவனுக்குக் காலைத் தடுக்கக் கூடாதே. பட்டனில் நங்கூரம் போட்டிருந்தது. விரல் மரத்துப்போனாலும் பிடிபடுகிற மாதிரி பெரிய பட்டன். எல்லாவற்றையும் அவள் சரியாகத்தான் சொன்னாள்.

ஒன்றில்தான் சறுக்கினாள். முன்பக்கம் இரண்டு வரிசை பட்டன். காஜாவும் இடது, வலது என இரண்டு விளிம்பிலும் இருந்தது. ஆண்கள் சட்டைக்கு இடது பக்கம் மேலே வரும், பெண்கள் சட்டைக்கு வலது பக்கம். எந்தத் தையற்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"ஆம்பள கோட்டுக்கு ரெண்டு பக்கம் காஜா எதுக்கு? தச்சவன் சரக்கு போட்டுகினு தச்சிகீறான். வலது பக்கத்த மூடிடு."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே, உனக்கு இன்னா?" என்றேன். கேட்டால்தானே. மூட்டையில் இருந்த பத்தொன்பது கோட்டின் வலது பக்கக் காஜாக்களையும் ஊசியால் இழுத்து மூடினேன். மூன்று நாள் ஆயிற்று, வாய்க்குள் அவளைத் திட்டியபடியே.

பதினெட்டு கம்பெனிக்குப் போனது. பத்தொன்பதாவது செங்கொடியின் தங்கை சங்கமித்ராவுக்கு. சங்கமித்ரா அதே கம்பெனியில் ஆறு வருஷமாக இறால் உரிக்கும் தினக்கூலி. குளிர் அறை வேலை கிடைத்தால் நிரந்தரம். ஆனால் ஒரு தடவை உள்ளே போனால் இருபது நிமிஷம் தாங்கவேண்டும். முன்னால் முயன்ற இரண்டு பெண்கள் பாதியில் வந்துவிட்டதால், பெண்களுக்கு இது ஆகாது என்று மேனேஜர் பாலகணேஷ் முடிவு கட்டியிருந்தார். ஆண்கள் கோட்டு போட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து, நச்சரித்து நச்சரித்து சங்கமித்ரா ஒரு சோதனைக்கு நாள் வாங்கினாள். கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பதினோராவது நிமிஷம் கதவைத் தட்டிவிட்டாள்.

செங்கொடி கம்பெனிக்கே போய் மேனேஜர் முன்னால் நின்றாள். "இன்னொரு தபா சார். சனிக்கெழம. அதுலயும் முடியலன்னா நாங்க வாயே தொறக்க மாட்டோம்."

"அதுதான் கடைசி" என்றார் பாலகணேஷ்.

செங்கொடி கடைக்குத் தங்கையைக் கூட்டி வந்து, "எங்க குளிருச்சு?" என்று கேட்டாள்.

சங்கமித்ரா நெஞ்சின் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கதான்க்கா. சுவரப் பாத்து நின்னு அடுக்கணும். வலது பக்கம் பெரிய ஃபேனு கீது. காத்து கோட்டு சந்துல பூந்து வந்துச்சு."

செங்கொடி கோட்டை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு, அண்ணாச்சியின் மேசை விசிறியை வலது பக்கம் வைத்துப் போட்டாள். இடது பக்கத்தை மேலே கொண்டுவந்து பூட்டினால் அதன் விளிம்பு வலப்புறம் வந்து முடிகிறது. காற்று அந்த விளிம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தது. பிரித்து, வலது பக்கத்தை மேலே போட்டுக் கையால் பிடித்தாள். காற்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கடலில் காற்று இன்றைக்கு ஒரு பக்கம் அடிக்கும், நாளைக்கு மறுபக்கம். அதற்குத் தக்கபடி மாற்றிப் பூட்டத்தான் இரண்டு பக்கமும் காஜா.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு சங்கமித்ராவின் வெளுத்த விரல்களைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"தச்சவன் தெளிவாத்தான் இருந்துகீறான். நான்தான் கெடுத்தேன்" என்றாள் செங்கொடி. "முன்னி, பிளேடு எடு."

சனிக்கிழமை நானும் போனேன். குளிர் அறை வாசலில், நாங்கள் தைத்துத் தந்த கோட்டோடு லோடுமேன்கள் நின்றிருந்தார்கள். குணசேகரன் என்பவர் சங்கமித்ராவைப் பார்த்துச் சிரித்தார். "கோட்டு ஆம்பளது, பட்டன் பொம்பள பக்கமா?"

கதவு மூடியது. பதினோரு நிமிஷம் தாண்டியபோது செங்கொடியின் நகம் என் கையில் பதிந்திருந்தது. இருபது ஆனதும் பாலகணேஷே போய்க் கதவைத் திறந்தார். உள்ளே சங்கமித்ரா அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு பொட்டி கீது சார், முடிச்சிட்டு வந்துடறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமை அவளை நிரந்தரமாக்கினார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் குணசேகரன் கடை வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த கோட்டு.

"அக்கா, எனக்கும் அந்தப் பக்கம் தொறந்து குடு. ஒரு மாசமா வலது பக்கம் வெறச்சுப்போயி மூச்சு வுட முடியல."

"ஒரு மாசமா? வாயில இன்னா கொழுக்கட்டையா? அன்னிக்கே சொல்லியிருந்தா தொறந்து குடுத்துருப்பேனே. மூடச் சொன்னதே நான்தான்."

குணசேகரன் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொம்பளைங்க தாங்க மாட்டாங்கன்னு சிரிச்சதே நாங்கதான். அப்பால எந்த வாயால சொல்றது?"

அவர் தெருவோரம் நிறுத்தியிருந்த மீன்பாடி வண்டியில் மற்ற பதினேழு கோட்டும் இருந்தன.