திட்டிக் காப்பாற்றப்பட்ட மாஸ்டர்

மேனேஜர் அம்மாவுக்கு நல்ல வாய் என்று அந்தத் தெருவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த வாய்க்குப் பின்னால் இருந்த பதறல் யாருக்குத் தெரியும்?

வரவேற்பு மேஜையில் சாவி எடுத்துக் கொடுக்கும் பெண்ணாகச் சேர்ந்து, அதே ஹோட்டலுக்கு மேனேஜர் ஆனவர் அவர். பிள்ளை குட்டி இல்லை. வேலை செய்கிறவர்கள்தான் சொந்தபந்தம். அந்தச் சொந்தங்களை ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போனார் எதிர் ஹோட்டல் முதலாளி. சுருக்கமில்லாமல் படுக்கை விரிக்கிற பெண்ணை விருந்தாளிகள் முன்னால் ஒருநாள் வாயாரப் புகழ்ந்தார் அம்மா. அடுத்த வாரம் அவள் எதிர் வாசலில் நின்று கையசைத்தாள். சிரித்த முகத்தோடு பெட்டி தூக்குகிறவனைப் பாராட்டினார். அவனும் ரோட்டைக் கடந்துவிட்டான்.

அன்றிலிருந்து அம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யாருக்குக் கைத்திறமை அதிகமோ, அவரை நாலு பேர் முன்னால் திட்டித் தீர்ப்பது. அதிகம் திட்டு வாங்கியவர் சமையல் மாஸ்டர்.

"மாஸ்டர், இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா? உங்களை வச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே..."

விஷயம் தெரிந்த மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஒருநாள் மதியம், சொல்லாமல் கொள்ளாமல் மாஸ்டரின் மனைவி தன் அக்காவை அழைத்துக்கொண்டு சாப்பிட வந்துவிட்டாள். அம்மா அவளைப் பார்த்ததில்லை. அடுத்த மேஜையில் டை கட்டிய இருவர் இருந்ததால், எதிர் ஹோட்டல் ஆட்களோ என்று பயந்து, அன்றைக்கு ஒரு பிடி அதிகமாகவே திட்டினார். மனைவி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் மாஸ்டர் வந்து நின்றார். "அம்மா, வீட்டுல ஒத்துக்கல. மாசக் கடைசியோட நின்னுக்கறேன்."

"சும்மா நடிப்புன்னு சொல்லலையா?"

"சொன்னேன். திட்டு வாங்கினவர் சொல்ற சாக்குங்கறா. ஹோட்டல்ல நான் வச்சதுதான் சட்டம்னு அவகிட்ட அளந்து விட்டிருந்தேன்மா. அதுதான் வினையாப் போச்சு."

அம்மாவுக்குத் தலையில் இடி விழுந்தது. சாயங்காலமே மாஸ்டர் வீட்டுக்கு ஓடினார். உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடத்து நாற்காலியில் சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார் எதிர் ஹோட்டல் முதலாளி.

"வாங்க," என்றாள் மனைவி. "திட்டறதுக்கு வீடு வரைக்கும் வந்துட்டீங்களா?"

புகழ்ந்தால் அவர் கொண்டுபோய்விடுவார். திட்டினால் இவளே அனுப்பிவிடுவாள். அம்மா அத்தனை வருஷமாக அணை போட்டு வைத்திருந்தது உடைந்தது.

"உங்க வீட்டுக்காரர் கை பட்டா வெந்நீருக்குக்கூட ருசி வரும்மா. இவர் போயிட்டா அந்த அடுப்பை நான் எப்படி ஏறெடுத்துப் பார்ப்பேன்?" அம்மா கண்ணீர் விட்டு அழுதார்.

முதலாளியின் கை பாதியில் நின்றது. "அப்படியா? நீங்க திட்டறதைக் கேட்டுப் பாவமா இருந்துச்சு. காய் நறுக்கற வேலையாவது கொடுக்கலாம்னுதான் வந்தேன்."

"காய் நறுக்கவா?" மனைவி அவர் கையிலிருந்த கப்பை வாங்கிக்கொண்டாள். காப்பி பாதி மிச்சமிருந்தது.

"இல்லம்மா, இப்ப தலைமை மாஸ்டராவே..."

"இவங்க அழுத பிறகுதான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

முதலாளி செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அவர் போனதும் மனைவி அம்மாவைப் பார்த்தாள். "இவர் எங்கயும் போகல. ஆனா இனிமே திட்டறதா இருந்தா கதவைச் சாத்திட்டுத் திட்டுங்க. வெளியில புகழணும்."

"புகழ்ந்தா கொத்திட்டுப் போயிடுவாங்களேம்மா."

"கொத்தறவங்க இந்த வாசல் வழியாத்தானே வரணும்? நான் பார்த்துக்கறேன்."

அதுவரை சுவரோரம் திருதிருவென விழித்துக்கொண்டிருந்த மாஸ்டர் மெல்ல வாய் திறந்தார். "என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே."

"நீங்க போய்க் காப்பி போடுங்க," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.